முதலாண்டு நுண்கணித வகுப்பில் பள்ளிக் கணிதமே தடுமாறுகிறது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: முதலாண்டு

வணக்கம். பொறியியலும் பொருளியலும் படிக்க வந்திருக்கும் 120 முதலாண்டு மாணவர்களுக்கு நுண்கணிதம் எடுக்கும் பொறுப்பு. முதல் வாரமே கணிப்பான் இல்லாமல் 20 கேள்விகள் கொண்ட தேர்வு வைத்தோம். எல்லாமே பள்ளிக் கணிதம்தான்: பின்னம், அடுக்கு, அடைப்பு நீக்கல், எளிய சமன்பாடு, மடக்கை. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் பாதி மதிப்பெண்ணைக்கூட எட்டவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் 2/3 + 1/4 என்பதிலேயே நின்றுவிட்டார்கள். பள்ளித் தேர்வில் தேறித்தான் வந்திருக்கிறார்கள், சூத்திரம் கேட்டால் சொல்கிறார்கள், உழைக்கவும் தயங்கவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் பாடம் வகையிடலுக்குள் போய்விடும்.

கையில் இருப்பது வாரத்துக்கு 2 மணி நேரம் கூடுதல் வகுப்பு, உதவிக்கு மூன்று ஆராய்ச்சி மாணவர்கள். முதல் ஆறு வாரம் பள்ளிப் பாடத்தை ஒரு சுற்று முடித்துவிட்டுப் பிறகு நுண்கணிதத்தைத் தொடங்கலாம் என்று துறையில் ஒரு யோசனை ஓடுகிறது. இது சரிவருமா? கூடுதல் வகுப்பை பலவீனமானவர்களுக்கு மட்டும் வைப்பதா, எல்லோருக்கும் வைப்பதா? விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று விட்டால் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள்தான் வருகிறார்கள். செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: சாய்வு

ஆறு வாரம் முதலிலா, நுண்கணிதத்தோடு கூடவேயா என்று முடிவெடுக்கும் முன் அந்த விடைத்தாள்களை மறுபடி கையில் எடுங்கள். மொத்த மதிப்பெண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. 20க்கு 8 வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்குப் பின்னமே தெரியாமல் இருக்கலாம். இன்னொருவருக்குக் குறி மாற்றம் ஒன்றில் மட்டும் ஓட்டை இருந்து அதுவே பன்னிரண்டு கேள்வியைக் கெடுத்திருக்கலாம். இருவருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒருவருக்குமே குணமாகாது.

தவறான விடை என்ன என்பதுதான் தகவல். 2/3 + 1/4 க்கு 3/7 என்று எழுதியவர் மேல் எண்ணோடு மேல் எண்ணையும் கீழ் எண்ணோடு கீழ் எண்ணையும் கூட்டுகிறார். பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல் இரண்டு எண்களாகப் பார்க்கிறார். 3/12 என்று எழுதியவருக்குப் பொதுப் பகுதி வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, தொகுதியை அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பது தெரியவில்லை. முன்னவருக்கு எண்கோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பின்னவருக்குப் பத்து நிமிடம் போதும்.

நுண்கணிதத்துக்கு முன் நான் கட்டாயம் கேட்கும் மற்றவை இவை. 5 − (2 − க) என்பதை 3 − க என்று எழுதுவது. −3² க்கு 9 என்பது. (க + 3)² க்கு க² + 9. √(9 + 16) க்கு 7. 2³ × 2⁴ க்கு 4⁷ அல்லது 2¹². (க + 6)/க என்பதில் மேலும் கீழும் க வை அடித்துவிட்டு 6 என்பது. க² = 5க என்பதை இருபுறமும் க வால் வகுத்து க = 5 என்று முடித்து, 0 என்ற தீர்வைத் தொலைப்பது. −2க < 6 என்பதிலிருந்து க < −3 என்று குறியைத் திருப்பாமல் விடுவது. ஒரு விலை 20% ஏறிப் பிறகு 20% இறங்கினால் பழைய விலையே வரும் என்பது (உண்மையில் 4% குறைந்திருக்கும்).

இதில் மூன்று நான்கு தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். வர்க்கம், வர்க்கமூலம், மடக்கை, சைன் எதுவானாலும் அடைப்புக்குள் இருக்கும் கூட்டலுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை. 3(அ + ஆ) = 3அ + 3ஆ என்பது சரியாக இருப்பதால் அது எல்லா இடத்துக்கும் பரவிவிடுகிறது. இதைத் தனித்தனியாகத் திருத்தப் போனால் ஒரு பருவம் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் வரிசையாகப் பலகையில் எழுதி, அ = 3, ஆ = 4 என்று போட்டு எது நிற்கிறது, எது விழுகிறது என்று மாணவர்களையே சோதிக்கச் சொல்லுங்கள். எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பரீட்சை அறையிலும் அவர்களாகவே பிடித்துக்கொள்வார்கள்.

கவனக்குறைவையும் தவறான புரிதலையும் பிரிக்க ஒவ்வொரு திறனுக்கும் குறைந்தது இரண்டு கேள்வி வையுங்கள். 10 திறன், 20 கேள்வி. கவனக்குறைவு ஒரு இடத்தில் வந்து இன்னொரு இடத்தில் வராது. தவறான புரிதல் இரண்டிலும் ஒரே மாதிரி வரும். கூடவே விடைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம்: ‘உறுதி’, ‘ஓரளவு’, ‘ஊகம்’. உறுதி என்று குறித்துத் தவறாக எழுதியதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்த மாணவர் அதைப் பற்றி உங்களிடம் கேட்கவே வரமாட்டார்.

சமன்பாடு அமைப்பதற்கும் ஒரு கேள்வி சேருங்கள்: ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்கள் என்ற கணக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இருக்கிறார்கள்; மாணவர் எண்ணிக்கை ம, பேராசிரியர் எண்ணிக்கை ப எனில் சமன்பாடு என்ன? 6ம = ப என்று எழுதுபவர்கள் ஏராளம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொறியியல் மாணவர்களிடமே இதைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறாக எழுதினார்கள். சொல் வரும் வரிசையிலேயே எழுத்தையும் எண்ணையும் வைத்துவிடுவது ஒரு காரணம். ம என்பது எண்ணிக்கை என்பதை மறந்து ‘மாணவர்’ என்ற பெயராகவே எடுத்துக்கொள்வது இன்னொன்று. பேராசிரியர் 10 என்றால் மாணவர் எத்தனை என்று கேளுங்கள், 60 என்று உடனே சொல்வார்கள். பிறகு அவர்கள் எழுதிய சமன்பாட்டில் 10ஐயும் 60ஐயும் அவர்களையே போடச் சொல்லுங்கள்.

விடைத்தாளில் காரணம் பிடிபடாத பதினைந்து இருபது பேரை மட்டும் உட்கார வைத்து ‘இதை எப்படிச் செய்தீர்கள், சொல்லிக்கொண்டே மறுபடி செய்யுங்கள்’ என்று கேட்டால் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடம். இடையில் திருத்தாதீர்கள். திருத்த ஆரம்பித்த நொடியில் அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பதில்: தலைகீழி

ஆறு வார யோசனையைக் கைவிடுங்கள் என்றே சொல்வேன். முதல் காரணம் எளிய பெருக்கல். தயாரிப்பு வகுப்புகளை மூன்று படியாக அடுக்கி, ஒவ்வொரு படியிலும் 70% தேறி, தேறியவர்களில் 80% அடுத்த படியில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தனிப்படியும் மோசமாகத் தெரியாது. ஆனால் 0.7 × 0.8 × 0.7 × 0.8 × 0.7 ஏறத்தாழ 0.22. நூறு பேரில் 22 பேர்தான் மூன்றாம் படியைத் தாண்டுகிறார்கள். உங்கள் ஆறு வாரம் ஒரே படிதான் என்றாலும் அதே நோய் சிறிய அளவில் இருக்கும்: ஏற்கெனவே தெரிந்தவர்கள் வகுப்பைக் கைவிடுவார்கள், தெரியாதவர்கள் முன்பு புரியாத அதே பாடத்தை அதே வரிசையில் வேகமாக இன்னொரு முறை கேட்பார்கள். போதாக்குறைக்கு நுண்கணிதத்துக்கு மிஞ்சும் வாரங்களும் சுருங்கிவிடும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் இதைச் சீட்டுக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள்; முடிவு 2016இல் வெளியானது. அடிப்படை இயற்கணிதம் தேவை என்று மதிப்பிடப்பட்ட மாணவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அந்த இயற்கணித வகுப்பு மட்டும், இன்னொன்றுக்கு அதோடு வாராந்திரப் பயிற்சி அமர்வு, மூன்றாவதுக்கு நேரடியாகப் பட்டப்படிப்புக்கான புள்ளியியல் வகுப்பும் பயிற்சி அமர்வும் கொடுத்தார்கள். தேர்ச்சி முறையே 39%, 45%, 56%. ‘தயாராகாதவர்கள்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் உயர்ந்த பாடத்தில்தான் அதிகம் தேறினார்கள். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2018 முதல் மதிப்பலகு இல்லாத (பட்டத்துக்குக் கணக்கில் சேராத) தயாரிப்பு வகுப்புகளையே நிறுத்திவிட்டு, முதன்மைப் பாடத்தோடு சேர்ந்த உதவிக்கு மாறியது. அந்தச் சோதனையில் உயர் பாடம் புள்ளியியல், நுண்கணிதம் அல்ல என்பதை மறக்கக் கூடாது. நுண்கணிதத்துக்கு இயற்கணிதம் நேரடியாகவே தேவை. ஆகவே உதவி இன்னும் குறிபார்த்து இருக்க வேண்டும்.

குறிபார்ப்பது என்றால் என்ன? முதல் கொள்கையிலிருந்து 1/க வை வகையிடும் அந்த மூன்று வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1/(க + ட) − 1/க என்று தொடங்குகிறோம். பொதுப் பகுதி க(க + ட). தொகுதி க − (க + ட), அதாவது −ட. இதை ட வால் வகுத்தால் −1/[க(க + ட)]. ட பூச்சியத்தை நெருங்கும்போது −1/க². இங்கே ‘எல்லை’ என்ற புதுக் கருத்து கடைசி வரியில் மட்டும்தான் வருகிறது. அதற்கு முன் இயற்கணிதப் பின்னத்தைக் கழிப்பது, கழித்தல் குறிக்குப் பின் வரும் அடைப்பை நீக்குவது, ஒரு பின்னத்தை ட வால் வகுப்பது, பொதுக் காரணியை மட்டும் நீக்குவது என்று நான்கு பள்ளித் திறன்கள் கடந்து போகின்றன. இரண்டாவது வரியில் க − க + ட என்று எழுதிய மாணவருக்கு +ட வந்து விடை 1/க² ஆகிவிடும். அவர் உங்களிடம் வந்து ‘வகையிடல் புரியவில்லை’ என்பார். அவருக்கு வகையிடல் புரிந்திருக்கலாம். உடைந்தது அடைப்பு.

ஆகவே உங்கள் பாடத்திட்டத்தை வாரவாரியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வாரத்து விரிவுரையில் எந்தப் பள்ளித் திறன் எந்த வரியில் வருகிறது என்று எழுதுங்கள். வரையறையிலிருந்து வகையிடலுக்கு முன் (க + ட)² விரிப்பதும் பின்னக் கழித்தலும். அடுக்கு விதிக்கு முன் √க வை க^(1/2) என்றும் 1/க³ ஐ க⁻³ என்றும் எழுதிப் பழகுவது. இதில் தடுமாறுபவர்கள் 1/க³ இன் வகைக்கெழுவை 1/(3க²) என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். சங்கிலி விதிக்கு முன் சார்புக்குள் சார்பு: (2க + 1)⁵ இல் உள்ளே எது, வெளியே எது என்று வகையிடாமல் பெயர் சொல்ல மட்டும் கேளுங்கள். பெரும, சிறுமத்துக்கு முன் காரணிப்படுத்தலும் குறி அட்டவணையும். பகுதிப் பின்னத் தொகையிடலுக்கு முன் இரண்டு பின்னங்களைக் கூட்டுவது, ஏனென்றால் பகுதிப் பின்னம் அதைப் பின்னோக்கிச் செய்வதுதான்.

இரண்டு மணி நேரத்தைப் பிரியுங்கள். ஒரு மணி விரிவுரைக்கு முந்தைய நாள், ஒரு மணி அதற்கு அடுத்த நாள். முந்தைய நாள் வைப்பதுதான் முக்கியம்; மறுநாள் வகுப்பில் தெரிந்த ஒன்று வரும்போது அந்த மாணவர் முதன்முறையாகப் பலகையோடு கூடவே வருவார். ஒரு மணியை நான் பிரிப்பது இப்படி: முதல் 10 நிமிடம் நான்கு சிறு கேள்விகள், தாளை மூடி நினைவிலிருந்து எழுத வேண்டும் (ஒன்று இந்த வாரம், ஒன்று போன வாரம், ஒன்று மூன்று வாரத்துக்கு முந்தியது, ஒன்று நாளை தேவைப்படுவது). அடுத்த 15 நிமிடம் செய்துகாட்டிய கணக்கும் அதோடு ஒத்த கணக்கும் சோடியாக. 25 நிமிடம் குழுப் பயிற்சி. கடைசி 10 நிமிடம் ஒரே ஒரு கணக்கு, தனியாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்தச் சீட்டுதான் அடுத்த வகுப்பை முடிவு செய்யும்.

பதில்: வர்க்கமூலம்

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனா நேரத்தையும் தலைப்பையும் சரியா வெச்சும் வகுப்பு தோத்துப்போறது உதவி செய்ய வர்றவங்க பேனாவைப் பிடுங்குற இடத்துலதான். ஆராய்ச்சி மாணவர் பக்கத்துல வந்து உட்காருவார், ‘இங்க பாருங்க, இது சுலபம்’னு சொல்லி அஞ்சு வரியில முடிச்சுடுவார். எதிர்ல இருக்குறவர் தலையாட்டுவார். ‘சுலபம்’ங்கிற ஒரு சொல்லே அவரை அடுத்த கேள்வி கேட்கவிடாம பண்ணிடும்.

அந்த மூணு பேருக்கும் முதல் வாரமே ஒன்றரை மணி நேரம் பயிற்சி கொடுங்க. விதி நாலே நாலுதான். பேனா மாணவர் கையிலயே இருக்கணும். முதல்ல கேட்கிற கேள்வி ‘எதுவரைக்கும் சரின்னு உங்களுக்கு உறுதியா தெரியுது?’. கேட்டுட்டுப் பத்து வினாடியாவது காத்திருக்கணும். ரொம்ப நேரம் மாதிரி தோணும், ஆனா இருக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி அதே மாதிரி இன்னொரு கணக்கை மாணவரே தனியா தொடங்கணும், அதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த மேசைக்குப் போகணும். சாய்வு கொடுத்த தவறுப் பட்டியலைக் கையில கொடுத்து, மாதிரி விடைத்தாள்ல எது எந்த வகைன்னு அவங்களையே வகைப்படுத்தச் சொல்லுங்க. நல்லாக் கணிதம் தெரிஞ்சவங்களுக்கு இந்தத் தவறுகள் கண்ணுக்கே படாது. அதுதான் அவங்களோட பெரிய சிக்கல்.

பயிற்சித் தாள் விஷயம். ஆரம்பத்துல முழுசா செய்துகாட்டிய கணக்கு, அடுத்ததுல கடைசி வரி காலி, அதுக்கடுத்ததுல கடைசி ரெண்டு வரி காலின்னு படிப்படியா எடுத்துக்கிட்டே போங்க. அடிப்படை இல்லாதவரை நேரா இருபது கணக்குல இறக்கிவிட்டா, விடையைத் தேடுறதுலயே மூளை முழுக்கச் செலவாகி முறை மனசுல நிக்காது. ஆனா ஏற்கெனவே தெரிஞ்சவருக்குச் செய்துகாட்டிய கணக்கு அலுப்புதான், பலனும் குறையும். அதனால ஒரே தாள்ல நடுவுலேருந்து தொடங்க ஒரு அடையாளம் போட்டு வெச்சுடுங்க. ரெண்டாவது வாரத்துலேருந்து கலந்து கொடுங்க. பின்னம் பத்து, அடுக்கு பத்துன்னு அடுக்கினா எந்த முறைன்னு யோசிக்கவே வேணாம், தலைப்பே சொல்லிடும். பரீட்சைத் தாள்ல தலைப்பு இருக்காது.

வாரம் ஒரு தவறான தீர்வும் கொடுங்க, யாரோடதுன்னு பேர் இல்லாம. எந்த வரியில உடைஞ்சது, அந்த மாணவர் என்ன நெனச்சிருப்பார், சரியான வரி என்ன, மூணும் எழுதணும். சமக்குறியைப் பிடிக்க இதுதான் சிறந்த வழி. 3 × 4 = 12 + 5 = 17ன்னு சங்கிலியா எழுதுறவருக்கு சமக்குறின்னா ‘அடுத்து விடை வருது’ன்னுதான் அர்த்தம். ரெண்டு பக்கமும் ஒரே மதிப்புங்கிறது அவருக்குப் பதியாத வரைக்கும் சமன்பாட்டை மாத்தி எழுதுறது வெறும் சடங்குதான்.

எல்லாருக்குமா, சிலருக்கு மட்டுமான்னு கேட்டீங்க. கலிபோர்னியாவுல இருக்கிற பெர்க்லி பல்கலைக்கழகத்துல 1970களோட கடைசியில யூரி ட்ரெய்ஸ்மன் நுண்கணித மாணவர்களைக் கூர்ந்து கவனிச்சார். தடுமாறின கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் தனியா உழைச்சாங்க. நல்லா வந்த சீன அமெரிக்க மாணவர்கள் கூட்டாப் படிச்சு ஒருத்தர் விடையை ஒருத்தர் சரிபார்த்தாங்க. அதுக்கப்புறம் அவர் அமைச்ச பயிற்சிக் கூடம் பலவீனமானவங்களுக்கான திருத்த வகுப்பு இல்லை. கடினமான கணக்குகளைக் குழுவாப் போடுற சிறப்பு வகுப்பாத்தான் அழைச்சார், நல்ல பலன் கிடைச்சது. பேரும் சூழலும் அவ்வளவு முக்கியம். ‘பலவீனர் வகுப்பு’ன்னு கதவுல எழுதாதீங்க. எல்லாருக்கும் ஒரே அமர்வு, தாள்ல மட்டும் தொடக்க இடம் வேற. முதன்மை விரிவுரையிலயும் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு கணக்கைப் பக்கத்துல இருக்கிறவரோட பேசிப் போடச் சொல்லுங்க. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பத்தின 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல வந்த கட்டுரையில, வெறும் விரிவுரையில தோல்வி 33.8%, மாணவர் ஏதாவது செய்யுற வகுப்புல 21.8%.

பதில்: முதலாண்டு

மூவருக்கும் மிக்க நன்றி. விடைத்தாள்களை வகைப்படுத்தத் தொடங்கிவிட்டோம். அடைப்புக்கு முன் கழித்தல் குறிதான் முதலிடத்தில் நிற்கிறது, எதிர்பார்க்கவே இல்லை. இன்னும் மூன்று ஐயங்கள். பின்னத்திலேயே நின்றுவிட்ட அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நுண்கணிதத்தோடு சேர்ந்தே நடக்கும் இந்த இணை வகுப்பு போதுமா? வருகையை எப்படி உறுதிசெய்வது? கணினிப் பயிற்சியை நம்பலாமா?

பதில்: மாறிலி

போதாது. இதில் தலைகீழியோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். இணை வகுப்பு எல்லையோரத்தில் இருப்பவர்களை நன்றாகத் தூக்கிவிடும். ஆனால் −3க்கும் −5க்கும் எது பெரியது என்று தயங்குபவருக்கு, நாளைய விரிவுரைக்கான இயற்கணிதப் பின்னத்தை இன்று காட்டினால் பயம்தான் கூடும். அவர்களுக்கு இணை வகுப்போடு கூடுதலாக வாரம் இரண்டு முறை, 45 நிமிடம், ஐந்து ஆறு பேர் கொண்ட சிறு குழு வேண்டும். உங்கள் மூன்று ஆராய்ச்சி மாணவர்களில் பொறுமை மிகுந்தவரை இதற்கு விடுங்கள், கணிதத்தில் சிறந்தவரை அல்ல.

வரிசை முக்கியம். எண்கோட்டில் குறியுள்ள எண்கள். அடுத்துப் பின்னத்தை எண்கோட்டில் வைப்பது: 2/3, 3/4, 5/4, −1/2 எங்கே இருக்கின்றன, 3/7 என்பது 2/3ஐ விடச் சிறியதா என்று பார்த்தாலே, கூட்டிய விடை கூட்டப்பட்டதைவிடச் சிறியதாக எப்படி இருக்க முடியும் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். பிறகு விகிதம், சதவீதம். பிறகு எழுத்து ஒரு எண்ணைக் குறிப்பது. பிறகு சமன்பாடு, கடைசியில் சூத்திரத்தில் எழுவாயை மாற்றுவது. 1/உ + 1/வ = 1/ப என்பதில் வ வைத் தனியே எடுக்க முடிந்தால் இந்தச் சுற்று முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். உ + வ = ப என்று மொத்தமாகத் தலைகீழாக்கினால் முடியவில்லை. இந்தக் குழுவில் இருப்பவர்களிடம் அந்தப் பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்து எடுக்க விதி இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். பகல் முழுக்க வகுப்பு, மாலை கூடுதல் வகுப்பு என்றால் நான்காவது வாரத்தில் ஆள் இருக்காது.

எவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் அளவு ஒப்பிடுவதே சிரமமாக இருந்தால், எண்ணறிவுக் குறைபாடு இருக்கக்கூடும். அதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மாற்றுத்திறன் மாணவர் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். பதற்றம் வேறு விஷயம். கவலை, கணக்குப் போடும்போது தேவைப்படும் செயல் நினைவகத்தையே பிடித்துக்கொள்கிறது. வீட்டில் தெரிந்தது பரீட்சையில் வராது என்பது சாக்கு இல்லை. ஆகவே சிறுதேர்வுகளில் நேர அழுத்தம் வேண்டாம். 10 நிமிடத் தேர்வுக்கு உங்களால் 2 நிமிடத்தில் முடிக்கக்கூடிய கேள்விகள் மட்டும் வையுங்கள்.

வருகைக்கு ஒரே வழி மதிப்பெண்தான். மொத்தத்தில் 10% ஐ வாராந்திரச் சீட்டுக்கும் சிறுதேர்வுக்கும் ஒதுக்குங்கள், 12 வாரத்தில் சிறந்த 9 மட்டும் சேரட்டும். காய்ச்சல் வந்தவர் தவறவிட்டதாலேயே மனம் விட்டுப் போக மாட்டார். சீட்டில் சரியான விடைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், முழுமையாக முயன்றதற்குக் கொடுங்கள். இல்லையென்றால் பக்கத்துச் சீட்டைப் பார்த்து எழுதுவார்கள், உங்கள் தகவல் முழுக்கக் கெட்டுப்போகும். அடுத்தடுத்து இரண்டு முறை வராதவருக்கு அந்த வாரமே பெயர் சொல்லி ஒரு செய்தி அனுப்ப வேண்டும். பொதுக் குழுவில் அல்ல, தனியாக. ‘நீங்கள் இரண்டு அமர்வு வரவில்லை, செவ்வாய்க்கிழமை பின்னக் கழித்தலை மறுபடி பார்க்கிறோம், வாருங்கள்’ என்று நாளும் தலைப்பும் சேர்த்து எழுதினால் வருபவர்கள் அதிகம்.

வந்து கேட்டுப்போகும் கணித உதவி மையமும் திறக்கலாம். பிரிட்டனில் கவன்ட்ரி, லஃப்பரோ பல்கலைக்கழகங்கள் 1990களிலேயே இவற்றை அமைத்தன, பிறகு அங்கே பல இடங்களுக்குப் பரவின. நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் கேள்வியிலேயே இருக்கும் சிக்கல்தான் அங்கும்: நல்ல மதிப்பெண்ணை இன்னும் நல்லதாக்க வருபவர்கள் ஒரு பெரும் பகுதி. மையம் வேண்டும், மையத்தை மட்டும் நம்பக் கூடாது.

பதில்: சாய்வு

கணினிப் பயிற்சியைப் பற்றி. மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஓடும் ஸ்டாக் என்ற இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. மாக்சிமா என்ற குறியீட்டுக் கணித நிரல் பின்னால் இருப்பதால் மாணவர் 2(க + 1) என்று எழுதினாலும் 2க + 2 என்று எழுதினாலும் சமம் என்று அதற்குத் தெரியும். ‘காரணிப்படுத்திய வடிவம்தான் வேண்டும்’ என்றும் கேட்கலாம். பெரிய பயன், தவறுக்கேற்ற பதிலை நீங்களே எழுதிவைக்கலாம் என்பது: (க + 3)² க்கு க² + 9 என்று வந்தால் ‘க = 1 என்று இரண்டிலும் போட்டுப் பாருங்கள்’ என்று மட்டும் காட்டும்படி செய்யுங்கள். 16க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை அவரே பார்ப்பார். வெறும் ‘தவறு’ என்று காட்டினால் விடை வரும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அதைத் தடுக்க மூன்று முயற்சிக்கு மேல் கேள்வியின் எண்கள் மாறட்டும், கைப்பட எழுதிய படிகளை வாரம் ஒரு கணக்குக்காவது படம் எடுத்து ஏற்றச் சொல்லுங்கள். கணினி இறுதி விடையைத்தான் பார்க்கிறது; க = 5 எப்படி வந்தது என்பது தாளில்தான் இருக்கிறது. எண்களைத் தானாக மாற்றும்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: கெழு 1 ஆகவோ 0 ஆகவோ வந்துவிட்டால் கேள்வி உருமாறிவிடும், ஒருவருக்கு எளிதாகவும் இன்னொருவருக்குக் கடினமாகவும் அமைந்துவிடும். எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

பலனை அளக்க ஆறாவது வாரத்தில் அதே 10 திறன்களுக்கு எண்களை மட்டும் மாற்றி மறுதேர்வு வையுங்கள், திறன்வாரியாகப் பாருங்கள். சராசரி 9இலிருந்து 12 ஆனது என்பதில் எதுவும் தெரியாது. அடைப்புக் குறித் தவறு 50 பேரிடமிருந்து 14 பேருக்குக் குறைந்தது, மடக்கையில் ஒன்றும் அசையவில்லை என்றால் ஏழாவது வாரம் என்ன செய்வது என்று தெரியும். அமர்வுக்கு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பெருமைப்பட வேண்டாம். வந்தவர்கள் வராமலேயே ஓரளவு தேறியிருப்பார்கள். முதல் தேர்வில் ஒரே மதிப்பெண் எடுத்தவர்களுக்குள் ஒப்பிடுவது கொஞ்சம் நேர்மையாக இருக்கும், முந்தைய ஆண்டு வகுப்பின் இறுதித் தேர்வோடு ஒப்பிடுவதும் கூடவே செய்யுங்கள்.

அடைப்புக்கு முன் கழித்தல் குறி முதலிடம் என்றீர்கள். அப்படியானால் முதல் அமர்வை அதற்கே கொடுத்துவிடுங்கள். 5 − (2 − க), பிறகு 7 − 2(3 − க), பிறகு க − (க + ட), பிறகு 1/(க + ட) − 1/க. ஒவ்வொன்றிலும் க = 2, ட = 1 என்று போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்: 5, 5, −1, −1/6 வர வேண்டும். கழித்தல் குறியை (−1) ஆல் பெருக்குவதாக முதல் இரண்டு கணக்கிலாவது வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் வகையிடல் தொடங்கும்போது அந்த நான்காவது கணக்கைப் பலகையில் அப்படியே எடுத்து, ட வால் வகுப்பதிலிருந்து தொடரலாம்.